பழைய கார் பிரேக் சாமான்: எதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா நடத்திய பட்டறையை மூடிவிட்டார்களாம். பரணில் மூன்று சாக்கு நிறையப் பிரேக் சாமான் இருக்கிறதாம். அம்பாசிடர், பத்மினி, ஜீப், கூடவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருப்படிகள் ஒன்றிரண்டு. சிலது டப்பாவே பிரிக்காதது. ‘துரு எடுத்து, பெயின்ட் அடித்து, ஒரிஜினல் ரீஸ்டோர்டு என்று போட்டு விற்றால் போகுமா, என்ன விலை வைக்கலாம்’ என்பது கேள்வி.

போகும் தம்பி, நன்றாகவே போகும். அதுதான் எனக்குப் பயமும். நெல்லை வண்ணார்பேட்டைப் பக்கம் முப்பது வருடமாகப் பிரேக் வேலையும் லேத் வேலையும் பார்க்கிறேன். பழைய வண்டிச் சாமான் வாங்கி, சரிசெய்து விற்பதில் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. கதவுக் கைப்பிடியையும் கிரில்லையும் பாலிஷ் போட்டு விற்பதும் ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை விற்பதும் ஒன்றில்லை. கைப்பிடி கையோடு வந்தால் வாங்கியவர் திட்டுவார், அவ்வளவுதான்.

முதலில் அந்த ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வாங்குகிறவர் என்ன நினைத்து வாங்குகிறார்? கம்பெனி வார்த்த உடல், அதன் மேல் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் கெர்லிங் அல்லது லாக்ஹீட் என்ற பிரேக் கம்பெனிப் பெயர், பாகத்தின் எண், அந்தக் காலத்து ஆறுமூலை நட்டு. ஆனால் பிரேக் பிடிப்பது இவற்றில் எதனாலும் இல்லை. உள்ளே இருக்கும் துளையின் சுவர், அதில் ஓடும் பிஸ்டன், ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் கப், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் உரசும் ஷூவில் ஒட்டிய லைனிங் ஆகியவைதான் வண்டியை நிறுத்துகின்றன. இவற்றில் ரப்பரும் லைனிங்கும் ஒரிஜினலாக இருந்தால் அது குறை. முப்பது வருடத்து ரப்பர் கப் ஒரிஜினல் என்று பெருமையாகச் சொல்லி விற்பது, முப்பது வருடத்து ஊசி மருந்தை டப்பாவோடு விற்பது மாதிரி. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது: உடல் அசல், துளைக்கு ஸ்லீவ் (உள்குழாய்) போட்டது, பிஸ்டன் அசல், ரப்பர் புதுசு, இன்ன மாதம் கோத்தது. இப்படிப் பிரித்து எழுதினால் விலை குறையும் என்று நினைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் பணம் அனுப்புகிறார்கள்.

இதை நான் புத்தியால் கற்றுக்கொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் ஒரு ஜீப்புக்குப் பின்சக்கர சிலிண்டர் ஜோடி விற்றேன். முக்கால் அங்குலத் துளை, அதாவது 19.05 மில்லிமீட்டர். உள்ளே துருக்குழி இருந்தது. குழி மறைகிற வரைக்கும் ஹோனிங் குச்சியை விட்டு இழைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் துளை கண்ணாடி மாதிரி மின்னியது. புது கப் போட்டு, வெளியே கறுப்பு பெயின்ட் அடித்து, ஒரிஜினல் என்று கொடுத்துவிட்டேன். வாங்கியவர் வண்டியை எடுத்துக்கொண்டு மாஞ்சோலைக்குப் போனார். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, மணிமுத்தாறு அணை கண்ணுக்குத் தெரிகிற வளைவு ஒன்றில், மிதித்த பெடல் தரையைத் தொட்டுவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு சிலிண்டர் ஒழுகினால் நாலும் போச்சு. நல்ல காலம், மனுஷன் பழைய டிரைவர். கியரைக் கீழே தட்டி, மலைப்பக்கம் ஒதுக்கி, மண்மேட்டில் முட்டி நிறுத்திவிட்டார். மறுநாள் சிலிண்டரைக் கையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துச் சொன்னார்: “அண்ணாச்சி, உங்க சாமான் பார்க்க நல்லாத்தான் இருக்கு. பிரேக்குதான் இல்ல.”

அதற்கப்புறம் துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்து பார்த்தேன். 19.3 காட்டியது. கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கப்பின் உதடு அந்த இடைவெளியில் சரியாக ஒட்டாது. நான் பின்பற்றுகிற கணக்கு: இழைத்தபின் துளை 0.1 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகியிருந்தால் ஸ்லீவ் போடு, இல்லை என்றால் இரும்புக்கடைக்குப் போடு. அலுமினிய உடல் என்றால் இழைப்பதே வேண்டாம். துளைச் சுவரில் கெட்டியான ஆனோடைஸ் பூச்சு இருக்கும். அதை ஒருமுறை சுரண்டிவிட்டால் தேய்மானம் வேகமாகப் போகும்.

துருக்குழி எங்கே விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் துளையின் அடிப்பக்கத்தில். சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூச்சியைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மேல்பாதி பளபளப்பாக இருக்கும், அடியில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும். காரணம், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி வருடக்கணக்கில் ஓடாமல் நின்றால் தண்ணீர் அடியில் தங்கி அங்கேயே அரிக்கும். டாட் 3 (டப்பாவில் போட்டிருக்கும் தர எண்) ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரத்தில் 155. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் லைனுக்குள் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரிப் போகும். உவரி, குலசேகரப்பட்டினம் என்று கடற்கரையில் நின்ற வண்டியின் சாமான் வந்தால் நான் உள்ளே மட்டுமல்ல, வெளியிலும் உப்பு தின்ற இடம் பார்ப்பேன். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து வறண்ட ஊர்களில் கொட்டகைக்குள் நின்ற வண்டிகளில்தான் நல்ல சாமான் கிடைக்கிறது.

‘பிரேக் ஆயில்’ என்கிற பெயரே ஒரு தொல்லை. ஆயில் என்றவுடன் பட்டறைப் பையன் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுகிறான், அல்லது டீசலில் கப்பைக் கழுவுகிறான். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவானாலும் கனிம எண்ணெய் பட்ட பிரேக் ரப்பர் ஊறி உப்பிவிடும். தொடக்க காலத்தில் பிரேக் திரவமே ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். அதனால்தான் அன்றைய ரப்பருக்கும் அதற்கும் ஒத்துப்போனது. இன்றைய டாட் 3, 4 எல்லாம் கிளைகால் வகை. உங்கள் சாக்கிலிருக்கும் சிலிண்டருக்குள் என்ன ஊற்றினார்கள் என்று சந்தேகம் வந்தால், உள்ளே மிச்சமிருக்கும் திரவத்தில் ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கலந்துவிட்டால் பிரேக் ஆயில். மேலே மிதந்து வண்ணம் காட்டினால் எண்ணெய், அல்லது சிலிக்கான் வகை டாட் 5. மிதந்தால் அந்த சிலிண்டரின் ரப்பர் ஒன்றையும் நம்பாதீர்கள். உடலையும் ஸ்பிரிட் ஊற்றி நன்றாகக் கழுவிய பிறகே கோர்க்க வேண்டும்.

இப்போது துரு எடுக்கும் வேலைக்கு வருவோம். வார்ப்பிரும்பு உடலுக்கும் டிரம்முக்கும் நான் கரும்பாலை மொலாசஸைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து, மூடிய பீப்பாயில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போடுகிறேன். நாற்றம் தாங்காது, வீட்டுக்குப் பின்னால் வைக்க மனைவி விடமாட்டார். ஆனால் துருவைத் தின்னும், நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடாது. இனிப்புச் சாமான்தானே என்று கருப்பட்டியைக் கரைக்காதீர்கள். இன்றைக்கு விற்கும் விலைக்கு அது சுக்குக் காப்பிக்கே கட்டுபடியாகவில்லை. அலுமினிய உருப்படியை இதில் போட்டுவிடக் கூடாது, கரைந்துபோகும். அவசரம் என்றால் வாஷிங் சோடாத் தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் வைத்து மின்சாரத்தில் எடுக்கலாம். ஆனால் ஷூ இழுக்கும் ஸ்பிரிங்குகளை அதில் போடாதீர்கள். ஆசிடிலும் போடாதீர்கள். கெட்டியான ஸ்பிரிங் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது, ஒருநாள் படக்கென்று ஒடியும். சிங்க் முலாம் பூசும்போதும் இதே கதைதான். முலாம் போட்டவுடனே 200 டிகிரிப் பக்கம் அடுப்பில் சில மணி நேரம் வைத்து எடுக்கிற இடத்தில் மட்டும் கொடுங்கள். நான் ஸ்பிரிங்கை விற்பதே இல்லை, புதுசு வாங்கிப் போடச் சொல்லிவிடுகிறேன்.

சாண்ட் பிளாஸ்ட் செய்யக் கொடுத்தால் துளைகளுக்கெல்லாம் போல்ட்டோ மரக்கட்டையோ அடைத்துக் கொடுங்கள். ஒருமுறை அடைக்காமல் கொடுத்து, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவர் மாவு சலித்த மாதிரி ஆகித் திரும்பி வந்தது. இன்னொரு இடத்தில் டிரம்முக்குப் பவுடர் கோட்டிங் போடச் சொன்னேன். அழகுதான். ஆனால் சக்கரமும் டிரம்மும் ஒட்டி உட்காரும் முகத்திலும் அந்தப் பூச்சைத் தடவிவிட்டார்கள். அந்தக் கனமான பூச்சு ஓட ஓட நசுங்கும், வீல் நட்டு தளரும். அவ்வளவையும் மறுபடி சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

டிரம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்கும்போது கயிற்றில் தொங்கவிட்டு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கீறல் இல்லாத டிரம் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு சுநாதம் இருக்கும். ‘டொக்’ என்று அடங்கினால் எங்கேயோ விரிசல், எடைக்குப் போடுங்கள். லேத்தில் கடைவதற்கும் எல்லை உண்டு. பொதுவாக முதலில் இருந்த விட்டத்தைவிட 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு), அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான் கடையலாம். உங்களுக்கு முன்னே இரண்டு பட்டறை அதைக் கடைந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அளக்காமல் ‘லைட்டாக ஒரு கட்டிங்’ போட்டு விற்கப்படும் டிரம்கள்தான் சந்தையில் அதிகம். விற்கும்போது கடைசி அளவை எழுதிக் கொடுங்கள், அதுவும் ஜோடியாக. ஒரு பக்க டிரம்மை மட்டும் தனியாக விற்க நான் சம்மதிப்பதில்லை.

வீல் சிலிண்டருக்கும் அதே ஜோடி விதிதான். அம்பாசிடர் 1957-இல் வந்து 2014 வரை ஓடிய வண்டி. அத்தனை வருடத்தில் பிரேக் அமைப்பு மாறியிருக்கிறது, கடைசிக் காலத்தில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்துவிட்டது. ‘அம்பாசிடர் சிலிண்டர்’ என்று மொட்டையாக எழுதி விற்றால் வாங்குகிறவர் தப்பான அளவைப் போட்டுவிடுவார். ஒரு கணக்கு சொல்கிறேன். முக்கால் அங்குலத் துளையின் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். 7/8 அங்குலத் துளைக்கு 3.88. லைனில் அழுத்தம் ஒன்றுதான், ஆனால் பெரிய சிலிண்டர் 36 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று போட்டுவிட்டால், மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே போட்டோவோடு வெர்னியர் அளவையும் எழுதுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் இது தலைகீழ்: சின்னதைப் போட்டால் அழுத்தம் கூடும், பெடல் ஆழமாக இறங்கும்.

மரைக்கும் இதே பிரச்சினை. ஆங்கிலேய வடிவமைப்பில் வந்த அம்பாசிடர், ஹெரால்டு வகையில் குழாய் நட்டு அங்குல மரை. இத்தாலியிலிருந்து வந்த ஃபியட் வழியில் பிறந்த பத்மினிக்கு மெட்ரிக். 3/8 அங்குல நட்டின் விட்டம் 9.5 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.06. பத்து மில்லிமீட்டர் மெட்ரிக் துளைக்குள் இது லேசாக ஏறிவிடும். ‘கொஞ்சம் லூசு, முறுக்கினால் சரியாகும்’ என்று முறுக்குவார்கள். பாதி மரையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நட்டு, அவசரத்தில் ஓங்கி மிதிக்கிற அன்றைக்குக் கழன்றுகொள்ளும். சாக்கில் கலந்து கிடக்கும் சாமான்களில் இதைத்தான் முதலில் பிரித்து வைக்க வேண்டும்.

ஸ்லீவ் போடுவதுதான் உங்கள் தொழிலில் நிஜமான மதிப்பைக் கூட்டும் வேலை. தேய்ந்த துளையைப் பெரிதாகக் கடைந்து, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் குழாயை இறுக்கமாக இறக்கி, பிடிப்புப் பசையும் கொடுத்து, உள்ளே மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவந்து இழைப்பது. அப்புறம் அந்த உடல் இன்னொரு ஆயுள் ஓடும், துருவும் பிடிக்காது. வீல் சிலிண்டரில் இது ஓரளவு சுலபம். மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆயில் டப்பாவிலிருந்து கீழே வரும் இரண்டு வழிகளில் ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஊசித் துளை. பெடலை விட்டதும் லைனில் சூட்டில் விரிந்த ஆயில் திரும்பி வருவது அந்த வழியாகத்தான். ஸ்லீவ் போட்டவர் அதை மறுபடி சரியான இடத்தில் துளைக்க மறந்தாலோ, துளைத்தபின் உள்ளே பிசிறை எடுக்காமல் விட்டாலோ இரண்டில் ஒன்று நடக்கும். துளை அடைத்திருந்தால் ஓட ஓடப் பிரேக் தானாக இறுகி, சக்கரம் சூடேறி வண்டி நின்றுவிடும். பிசிறு இருந்தால் புது கப்பின் உதட்டைப் பிளேடு மாதிரிச் சீவிவிடும். ஒரே ஒரு மெல்லிய கம்பி இழையை விட்டுப் பார்த்து, உள்ளே விரலால் தடவிப் பிசிறு இல்லை என்று உறுதி செய்யாமல் நான் மாஸ்டர் சிலிண்டரைக் கோர்ப்பதில்லை.

கோத்த பிறகு சோதனை. எல்லோரும் அழுத்தம் ஏற்றி ‘இவ்வளவு தாங்கியது’ என்று காட்டுவார்கள். அது பாதிச் சோதனைதான். ரப்பர் கப்பின் குணம், அழுத்தம் கூடக் கூட உதடு விரிந்து சுவரில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒழுகுவது அழுத்தம் இல்லாதபோதுதான். ஆகவே நான் முதலில் பம்பில் அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு லேசான அழுத்தத்தில் விட்டு, பழைய பேப்பர் விரித்து அதன்மேல் சிலிண்டரை ராத்திரி முழுக்க வைப்பேன். காலையில் டீ குடிக்கும் முன்னே போய்ப் பார்ப்பேன். பேப்பரில் பத்துப் பைசா அளவுக்கு ஓர் ஈரவட்டம் இருந்தாலும் அது கடையை விட்டு வெளியே போகாது.

லைனிங் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பழைய ஷூ லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருந்தது. உங்கள் சாக்கில் இருக்கும் ஷூக்களில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் கணக்கு கேட்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டுங்கள். வெளிநாட்டுக்கு விற்க ஆசை இருந்தால் இன்னும் கவனம். பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன, அமெரிக்காவும் 2024-இல் தடை விதி கொண்டுவந்தது. ஆஸ்திரேலியச் சுங்கத்தில் பழைய கார் சாமான்களை இதற்காகவே சோதிக்கிறார்கள். ஷூவின் இரும்புச் சட்டத்தை மட்டும் விற்று, லைனிங்கைப் புது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சரக்கில் ரிவெட் அடித்துக் கொடுங்கள். இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறதா, ரிவெட் ஓட்டை நீண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எண்ணெய் குடித்த லைனிங்கை அடுப்பில் காட்டி ‘சரிசெய்து’ கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

ரப்பர் ஹோஸ் பழையதை எந்த நிலையிலும் விற்கக் கூடாது. வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

டப்பா பிரிக்காத சரக்கு என்று சொன்னீர்களே, அதற்குத் தனிக் கூட்டம் இருக்கிறது. அந்த அட்டைப்பெட்டியும் லேபிளும் உள்ளே இருக்கும் கப்பைவிட விலை போகும். அலமாரியில் வைக்கிறவர்களுக்கு, ‘காட்சிக்கு மட்டும், வண்டியில் பொருத்தக் கூடாது’ என்று எழுதிக் கொடுங்கள். பெட்டி கிழிந்திருந்தால் கிழிந்தபடியே கொடுங்கள். கம்பெனி லேபிளைப் புதுசாக அச்சடித்து ஒட்டும் வேலையில் மட்டும் இறங்கிவிடாதீர்கள், அது போலி வியாபாரம், டிரேட் மார்க் வழக்கு வரும். ஓர் இடைச்செருகல்: இந்த கெர்லிங் பெயர் நம் பக்கத்துக்கு அவ்வளவு அந்நியமில்லை. 1962-இல் கெர்லிங்கை வைத்திருந்த பிரிட்டனின் லூகாஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது டி.வி.எஸ். குழுமம். அந்தக் குழுமத்தை ஆரம்பித்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். பாடியில் வார்த்த உடலை ‘இங்கிலாந்துச் சரக்கு இல்லை’ என்று மட்டம் தட்டுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. இந்தியாவில் ஓடிய வண்டிக்கு இந்தியாவில் வார்த்ததுதானே ஒரிஜினல்?

யார் வாங்குகிறார்கள் என்றால், அம்பாசிடர், பத்மினிக்குப் புதுச் சாமானே இன்னும் கிடைக்கிறது. ஆகவே சாதாரண ஓட்டத்துக்கு வைத்திருக்கிறவர் உங்களிடம் வரமாட்டார். வருகிறவர்கள், வண்டியை வந்தபடியே வைத்திருக்க நினைக்கிறவர்கள். 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். அதற்கப்புறம் அசல் சாமானைத் தேடுகிறவர்கள் என்னிடம் கூடியிருக்கிறார்கள். ஹெரால்டு உருப்படிகளுக்குத்தான் உங்கள் சாக்கில் மவுசு. சென்னையில் அந்த வண்டி செய்த தொழிற்சாலை எப்போதோ மூடிவிட்டது. பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்குச் சாமான் கிடைக்கிறது, பல இடத்தில் பொருந்தும். ஆனால் வரவழைக்கும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் உங்களுடையதே மலிவு. ஜீப் சாமான் இங்கேயே போகும். மலை எஸ்டேட்டில் ஓடிக் கழிந்த ஜீப்புகள் இன்னும் கல்லிடைக்குறிச்சி, களக்காடு பக்கத்துத் தோட்டங்களில் இருக்கின்றன.

விலைக்கு ஒரே சூத்திரம் இல்லை. ஆனால் அடக்கத்தைச் சரியாகப் போடுங்கள். உதாரணத்துக்கு, உடல் 200 ரூபாய், ஸ்லீவ் கூலி 900, ரப்பர் கிட் 250, முலாம், ஸ்பிரிட், பேக்கிங் எல்லாம் 150 என்று வைத்தால் 1,500 ஆகிறது. என் அனுபவத்தில் மூன்று உடல் எடுத்தால் ஒன்று நடுவில் கழிந்துவிடும், சிலது ஸ்லீவ் போட்டபின்கூட. அந்த நட்டத்தையும் மற்ற இரண்டின் மேல் ஏற்றினால்தான் அடக்கம் தெரியும். காயலான் கடை விலையில் வாங்கினோமே என்று நினைத்து விற்றால் உங்கள் கூலி போய்விடும். (காயல்பட்டினத்துக்காரர்கள் வைத்த கடை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் அந்தக் கடையைக் கேவலமாகப் பேசக் கூடாது. என் நல்ல சரக்கில் பாதி அங்கே கிடைத்ததுதான்.)

பேப்பர் வேலையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் பதிவு கட்டாயம். செங்கோட்டை தாண்டிப் புனலூருக்கு அனுப்பினாலும் வெளிமாநிலம்தான். கார் சாமானுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதம். அதைவிட முக்கியம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்கிறவர் பொருளை மாற்றியமைத்திருந்து, அந்த மாற்றமே பாதிப்புக்குப் பெரிய காரணம் என்றால் பொறுப்பு அவர் மேல்தான். ஸ்லீவ் போடுவது மாற்றியமைப்பது. ‘உத்தரவாதம் இல்லை’ என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்தால் தப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எண் குத்தி, நோட்டில் துளை அளவு, கிட் வாங்கிய தேதி, ராத்திரிச் சோதனை முடிவு எல்லாம் எழுதி வைக்கிறேன். அதன் போட்டோ ஒன்றும் வாங்குகிறவருக்குப் போகும்.

அனுப்பும்போது உள்ளே ஆயில் நிரப்பி அனுப்பாதீர்கள். கோர்க்கும்போது பிரேக்குக்கென்று விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவுங்கள், சாதாரண கிரீஸ் ஆகாது. துளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி, வெளியே மெழுகுத்தாள். டிரம் அனுப்பினால் அட்டைப்பெட்டி தாங்காது, பலகை அடிக்க வேண்டும். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் ஓரம் உடையும்.

உங்களுக்கு இப்போது லேத்தும் இல்லை, அளக்கும் கருவியும் இல்லை என்றால், முதல் சாக்கை ரீஸ்டோர் செய்யாமல் அப்படியே, ‘உடல் மட்டும், மறுவேலை செய்யாமல் பொருத்தக் கூடாது’ என்று எழுதி விற்றுவிடுங்கள். அதற்கும் ஆள் இருக்கிறது, நானே வாங்குவேன். ஹெரால்டு உருப்படிகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஜீப் சிலிண்டர்களைத் துணியால் துடைத்துவிட்டு, உடலில் வார்ப்பு எண் எது, துளை முக்காலா ஒன்றா என்று பார்த்து எழுதுங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அளவு வேறு. அதைப் பிரிக்காமல் ஜோடி சேர்க்க முடியாது.